கொலைக்கும் கணக்குக்கும் நடுவில: "த கேள் வித் த ட்ராகன் டட்டூ" வாசிச்சு முடிச்ச கையோட

முதலே சொல்லிப் போடுறன், இது புதுசா வந்த புத்தகம் இல்லை. சுவீடிஷில 2005, இங்கிலீஷில 2008. ஒஸ்லோவில இருக்கிற மச்சாள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிண்டவ, திரும்பிப் போகேக்க சூட்கேஸ் கிலோ கூடிப் போச்செண்டு கொஞ்சச் சாமான் விட்டிட்டுப் போனவ, அதுக்குள்ள தான் இது கிடந்தது. ஐநூறு பக்கத்துக்கு மேல, எழுத்தும் சின்னன். கன நாளா அலுமாரிக்குள்ளேயே கிடந்து இந்த முறை காண்டாவனம் தொடங்கி வெளியில தலை காட்டேலாத வெயிலில, மத்தியானம் கரண்டும் நிண்ட ஒரு நாள், வேற வழியில்லாம எடுத்தன். கதை தொடங்கிறதே சுவீடனில மார்கழிக் குளிர், பனி கொட்டுது. ஏழு நாளில முடிச்சன், கடைசி ரெண்டு இரவும் நித்திரையே இல்லை.

எழுதினவர் ஸ்டீக் லார்சன். அவர் கதை எழுதிப் பிழைச்ச ஆள் இல்லை, பத்திரிகைக்காரர், நாசிக் கொள்கைக் கூட்டங்களையும் இனவாதிகளையும் துருவி எழுதின எக்ஸ்போ எண்ட சஞ்சிகையில வேலை செய்தவர். இதுவும் இதின்ர தொடர்ச்சியுமா மூண்டு நாவலை எழுதிப் பதிப்பகத்துக்குக் குடுத்திட்டு, முதல் புத்தகம் அச்சில வர முன்னமே 2004 கார்த்திகையில மாரடைப்பில செத்துப் போனார், வயசு 50. உலகம் முழுக்க இவ்வளவு வாசிச்ச ஒரு புத்தகத்தின்ர அட்டையை அந்த மனுசன் கண்ணால காணேல்லை எண்டது எனக்கு வாசிக்கேக்க முழுக்க மனசுக்குள்ள ஓடிக்கொண்டு தான் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல கூட வாழ்ந்த பெண்ணைச் சட்டப்படி கலியாணம் கட்டேல்லை, உயிலும் சரியா எழுதி வைக்கேல்லை, அதால சொத்து எல்லாம் தகப்பனுக்கும் சகோதரனுக்கும் போச்சு. காசு, சொத்து, பெண்களின்ர நிலை எண்டு ஐநூறு பக்கம் எழுதினவரின்ர வீட்டிலயே இப்பிடி நடந்தது.

இனிக் கதை. கொலைகாரன் ஆரெண்டு சொல்லமாட்டன், பயப்பிடாம வாசியுங்கோ.

மிக்கேல் பிளம்க்விஸ்ட் எண்டு ஒரு பத்திரிகையாளர், மில்லேனியம் எண்ட சஞ்சிகையில பங்காளி. வென்னர்ஸ்ட்ரோம் எண்ட பெரிய முதலாளியைப் பற்றி எழுதினதை நிரூபிக்க ஏலாமப் போய், அவதூறு வழக்கில தோத்து, மூண்டு மாசச் சிறையும் நட்டஈடும் எண்டு தீர்ப்பு வாற இடத்தில தான் கதை தொடங்குது. அந்த நேரத்தில ஹென்ரிக் வாங்கர் எண்ட 82 வயசுக்காரர் கூப்பிட்டு விடுறார். ஒரு காலத்தில நாட்டிலயே பெரிய தொழிற்சாலைக் குடும்பம். அவற்ற சகோதரத்தின்ர பேத்தி ஹரியட், 16 வயசுப் பிள்ளை, 1966ல ஒரு நாள் காணாமப் போட்டா. அதுக்குப் பிறகு கிழவனின்ர ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவருக்குத் தபாலில ஒரு காய்ஞ்ச பூ பிரேம் போட்டு வருது, அனுப்புறது ஆரெண்டு தெரியாது. பிள்ளையைக் கொலை செய்தவன் தான் தன்னை வதைக்கிறதுக்கு அனுப்புறான் எண்டு அந்த மனுசன் நம்பிக்கொண்டு இருக்கிறார். மாசம் ரெண்டு லட்சம் குரோனர் தாறன், ஒரு வருஷம் இஞ்ச வந்து இரு, ஊர் கேட்டா குடும்ப வரலாறு எழுதுறன் எண்டு சொல்லு, உண்மையில இதைக் கண்டுபிடி எண்டு கேக்கிறார்.

அந்தக் குடும்பம் இருக்கிறது ஒரு தீவில, வெளியில போக ஒரே ஒரு பாலம். ஹரியட் காணாமப் போன அண்டைக்குப் பாலத்தில எண்ணெய் லொறியும் காரும் மோதி முழுக்க மறிபட்டுப் போச்சு. ஆரும் உள்ள வரேலாது, வெளியில போகேலாது. எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வேலணையில இருந்து புங்குடுதீவுக்குப் போற தாம்போதியில ஒரு பவுசர் குறுக்கால பிரண்டு கிடக்குது எண்டு நினைச்சுப் பாருங்கோ, அந்தப் பக்கம் நிக்கிறவை அந்தப் பக்கம் தான். அப்ப செய்தவன் அந்தத் தீவுக்குள்ள, அந்தச் சொந்தத்துக்குள்ள நிண்டவன். நான் புங்குடுதீவில கலியாணம் கட்டினனான், அதால அந்தப் பாலத்தை வாசிச்ச உடன எனக்குக் காத்தும் உப்பு மணமும் எல்லாம் வந்திட்டுது. சொந்தக்காரர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனா ஆளை ஆள் கண்டா முகத்தைத் திருப்புற ஆக்கள், ஆர் எந்த வருஷம் ஆரோட கதையை நிப்பாட்டினது எண்டதுக்கே ஒரு சரித்திரம் இருக்கு.

துப்புத் துலக்கிற விதம் தான் எனக்கு நல்லாப் பிடிச்சது. துவக்கும் ஓட்டமும் கொஞ்சம். பழைய படங்களைப் பாக்கிறது தான் முக்கால்வாசி. அண்டைக்கு ஊர்வலம் பாத்துக்கொண்டு நிண்ட ஹரியட்டைப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் தற்செயலாப் பிடிச்சிருக்கிறார். எல்லாரும் ஊர்வலத்தைப் பாத்துச் சிரிக்கினம், அவ மட்டும் வேற பக்கம் பாக்கிறா, முகம் அப்பிடியே மாறிப் போகுது. அவ எதைப் பாத்தவ? அந்த ஒரு கேள்விக்காக, அவவுக்குப் பின்னால கமராவோட நிண்ட முகந்தெரியாத ஒரு பெண்ணைத் தேடி ஊர் ஊராப் போறார் பிளம்க்விஸ்ட். பேந்து ஹரியட்டின்ர டயரியில அஞ்சு பேரும் பக்கத்தில நம்பரும் இருக்கு. அது போன் நம்பர் எண்டு நினைச்சுப் பொலிஸ் வருஷக்கணக்கா அலைஞ்சது. அது என்ன எண்டு தெரியவாற இடத்தில நான் புத்தகத்தை மூடி வைச்சிட்டு எழும்பிப் போய் ஒரு ரீ ஊத்திக் குடிச்சிட்டுத் தான் திரும்ப வந்தனான்.

இப்ப நான் உண்மையா எழுத வந்த விஷயத்துக்கு வாறன். இந்தப் புத்தகத்தைப் பற்றி ஆரிட்டக் கேட்டாலும் "முதல் நூறு பக்கம் சரியான அலுப்பு, கணக்கு வழக்கு, அதைத் தாண்டினாச் சரி" எண்டு தான் சொல்லுவினம். மச்சாளும் அதைத் தான் சொன்னவ. நான் 27 வருஷம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒண்டில கணக்குப் பகுதியில இருந்தனான், வவுச்சர், லெட்ஜர், வருஷ முடிவில ஸ்டொக் எடுக்கிறது எண்டு தான் என்ர சீவியம் போனது. எனக்கு அந்த நூறு பக்கம் தான் உயிர்.

பெர்லின் சுவர் விழுந்த கையோட கிழக்கு ஐரோப்பாவில தொழில் தொடங்கிறவைக்குச் சுவீடன் அரசாங்கம் காசு குடுக்குது. வென்னர்ஸ்ட்ரோம் போலந்தில சாப்பாட்டுச் சாமான் அடைக்கிற பெட்டி செய்யிற தொழிற்சாலை போடப் போறன், பேர் மினோஸ் எண்டு சொல்லி 60 மில்லியன் குரோனர் வாங்கிறார். திட்டம் கடதாசியில வடிவா இருக்கு. அறிக்கை வருது, கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு. ஆனா அங்க போய்ப் பாத்தா ஒரு இடிஞ்ச கொட்டிலும் பழைய மெசினும் தான். இதை ஒரு பழைய கூட்டாளி படகில வைச்சு வெறியில பிளம்க்விஸ்டுக்குச் சொல்லுற இடம் தான் அந்த "அலுப்பு" எண்ட பகுதி.

இதில என்ன அலுப்பு இருக்கு எண்டு எனக்கு விளங்கேல்லை. எங்கட சங்கத்தில ஸ்டொக் எடுக்கிற நாளில என்ர பெரியவர் ஒருத்தர், சீனி மூட்டை நாப்பது எண்டு எழுதியிருந்தா நாப்பதையும் கையால தட்டிப் பாக்கச் சொல்லுவார். மேல் அடுக்கு மட்டும் எண்ணிப் போட்டு வந்தா திரும்ப அனுப்புவார். அந்த 60 மில்லியனுக்கு ஒருத்தன் கூட மூட்டையைத் தட்டிப் பாக்கேல்லை, அவ்வளவு தான் கதை. காசு குடுத்தவைக்குத் தாங்கள் குடுத்தது பிழை எண்டு வெளியில வரக்கூடாது, வாங்கினவனுக்கும் வரக்கூடாது, ரெண்டு பக்கமும் சேந்து மூடிச்சினம். எந்தப் பெரிய மோசடியும் இந்த வழியால தான் தப்புது எண்டு லார்சன் துப்பறியும் கதைக்குள்ள வைச்சுச் சொல்லுறார்.

எங்கட வீட்டிலயும் நடந்தது. சண்டை முடிஞ்சு ஏ9 பாதை திறந்த கையோட ரவுணுக்க நிதிக் கொம்பனியளின்ர எத்தினை கண்ணாடி போட்ட ஒபிஸ் வந்தது. அதில ஒண்டில, பேர் வேண்டாம், சின்னம்மா சித்தப்பாவின்ர பென்சன் காசைக் கொண்டு போய்ப் போட்டவ. பாங்க் வட்டியை விட ரெண்டு மடங்கு. முதல் பத்து மாசம் மாசாமாசம் சரியா வந்தது, அதைப் பாத்து அவவின்ர தங்கச்சியும் போட்டா. பதினொராவது மாசம் நிண்டுது. போய்க் கேட்டா கொழும்பு ஒபிஸ் எண்டினம், கொழும்புக்குப் போன் எடுத்தா யாழ்ப்பாணத்தில கேளுங்கோ எண்டினம். சின்னம்மாவுக்கு நான் மினோஸ் பகுதியை இருந்து தமிழில சொன்னன். எல்லாத்தையும் கேட்டிட்டு ஒண்டே ஒண்டு தான் கேட்டா, "அப்ப பிள்ளை, அந்தப் பெட்டிக் கொம்பனியை ஒருத்தரும் போய்ப் பாக்கேல்லையோ?" எண்டு. பேந்து கன நேரம் கதைக்கேல்லை.

இலங்கை மத்திய வங்கியில அனுமதி எடுத்த நிதிக் கொம்பனிகளின்ர பட்டியல் இருக்கு, பிரமிட் முறையில காசு சேர்க்கிறது சட்டப்படி குற்றம், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால நிதியியல் உளவறிதல் பிரிவு எண்டு ஒண்டும் வந்தது, பத்து லட்சம் ரூபாவுக்கு மேல காசாக் கை மாறினா வங்கி அவைக்கு அறிவிக்கவும் வேணும். சட்டம் எல்லாம் வடிவா இருக்கு. சுவீடனிலயும் எல்லாம் இருந்தது. பிளம்க்விஸ்டுக்குக் கோபம் வாறதே அங்க தான், முதலாளிமாரை நடிகர்மாரை மாதிரி எழுதித் தள்ளுற பொருளாதாரப் பத்திரிகைக்காரரில. கேக்க வேண்டிய கேள்வியைக் கேக்காம அவங்கட விருந்தில நிண்டு சாப்பிட்டவங்கள் எண்டு. கடைசிப் பகுதியில ரீவியில வந்து அவர் பங்குச் சந்தை வேற, நாட்டின்ர பொருளாதாரம் வேற எண்டு விளங்கப்படுத்திற இடத்தை நான் ரெண்டு தரம் வாசிச்சன். 2022ல காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில நிண்ட ஆக்களுக்கு அது வேற விதமா விளங்கும்.

லிஸ்பெத் சலாண்டர் பற்றிச் சொல்லாம விட்டா இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதாகாது. இருபத்தஞ்சு வயசளவில, ஒல்லி, உடம்பில பச்சை குத்தல், மூக்கில வளையம், ஆரோடயும் ரெண்டு சொல்லுக்கு மேல கதையாள். ஒருக்காப் பாத்தது மறக்காது, ஆற்ற கொம்பியூட்டருக்குள்ளயும் போவா. ஆனா சட்டப்படி அவவுக்குத் தன்ர காசைத் தானே எடுக்க உரிமையில்லை. மனநிலை சரியில்லை எண்டு எப்பவோ எழுதி வைச்சதால கோர்ட் நியமிச்ச ஒரு பாதுகாவலர் தான் அவவின்ர பாங்க் கணக்கைப் பாக்கிறது. முதல் இருந்த வயசான மனுசன் நல்லவர், அவர் வருத்தத்தில விழ, வேற ஒரு வக்கீல் வாறான். இவவின்ர கொம்பியூட்டர் உடைஞ்சு போக, புதுசு வாங்கத் தன்ர சொந்த உழைப்புக் காசை அவனிட்டக் கேக்க வேண்டி வருது. அங்க தொடங்குது. இதுக்கு மேல எழுத எனக்கு மனமில்லை. வாசிக்கேக்க கை நடுங்கினது உண்மை.

இந்த இடத்தில தான் எனக்கு முழுப் புத்தகமும் ஒண்டாச் சேந்தது. வென்னர்ஸ்ட்ரோமின்ர கதையும் ஹரியட்டின்ர கதையும் வேற வேற, ரெண்டு நாவலை ஒட்டி வைச்ச மாதிரி இருக்கு எண்டு குறை சொல்லுறவை இருக்கினம். லிஸ்பெத்தின்ர பாங்க் கணக்கில தான் அது ரெண்டும் வந்து சந்திக்குது. ஒருத்தியின்ர காசை இன்னொருத்தன் கையில குடுத்தா அவன் அவவின்ர உடம்பையும் எடுக்கலாம் எண்டு நினைக்கிறான். சீட்டுக் காசை ஒளிச்சு வைச்சு, அதுவும் பிடிபட்டு அடி வாங்கின எத்தினை பொம்பிளையளைக் கூட்டுறவுச் சங்கக் கவுண்டரில இருந்து நான் பாத்தனான். புருஷன் கையெழுத்து இல்லாம எடுக்கேலாதோ பிள்ளை எண்டு கேட்டு வருவினம், அவவின்ர பேரில தான் புத்தகமே இருக்கும்.

சுவீடிஷில இந்த நாவலின்ர பேருக்கு அர்த்தம் "பெண்களை வெறுக்கும் ஆண்கள்". இங்கிலீஷில மாத்திப் போட்டினம், என்னைக் கேட்டா அது பெரிய பிழை. நாலு பகுதிக்கும் முன்னால ஒவ்வொரு கணக்கு வரும். சுவீடனில ஆண்களால மிரட்டப்பட்ட பெண்கள் 18 வீதம் எண்டு தொடங்கி, கடைசியில வாறது, பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களில 92 வீதம் பேர் பொலிசுக்கு அறிவிக்கேல்லை எண்டு. ட்ராகன் எண்ட பேரைப் பாத்து வாங்கிறவை இந்தக் கணக்கைத் தாண்டிப் போயிடுவினம், உண்மைப் பேர் இருந்தா நிண்டு வாசிச்சிருப்பினம்.

இப்ப என்ர பெரிய குறை. இதில கொஞ்சம் கதை வெளியில வரும், ஒண்டும் தெரியாம வாசிக்க விரும்பிறவை அடுத்த பந்திக்குப் போங்கோ. உண்மை தெரிஞ்ச பிறகு, குடும்பத்தின்ர பேருக்காகவும் உயிரோட இருக்கிறவைக்காகவும் அதை எழுத வேண்டாம் எண்டு பிளம்க்விஸ்டைக் கேக்கினம். அவரும் மனசுக்குள்ள கிடந்து அடிபட்டு ஓம் எண்டிறார். வென்னர்ஸ்ட்ரோமின்ர காசுக் களவு முழுச் சஞ்சிகையா, புத்தகமா வருது, நாடே கதைக்குது. செத்த பொம்பிளையளின்ர கதை பெட்டிக்குள்ள பூட்டுப்படுது. பெண்கள் பாதுகாப்பு இல்லங்களுக்கு வருஷா வருஷம் காசு குடுக்கோணும், அடையாளம் தெரியாத பெண்களின்ர குடும்பங்களைத் தேடோணும் எண்டு நிபந்தனை போடுறது லிஸ்பெத், பத்திரிகைக்காரர் இல்லை. காசுக்கு ஆதாரம் கேட்டு உயிரை விடுற மனுசன் உயிருக்கு மட்டும் ஏன் விட்டுக் குடுத்தார்? "வெளியில சொல்லாத, குடும்ப மானம் போயிடும்" எண்டது நான் பிறந்ததில இருந்து கேட்டு வளந்த வசனம். அதை ஒரு சுவீடன் நாவலின்ர கடைசியில அப்பிடியே கேக்க எனக்குச் சரியான கோபம் வந்தது. லார்சன் வேணுமெண்டு தான் எங்களைக் கோபப்படுத்திறார் எண்டு மச்சாள் போனில சொன்னவ. இருக்கலாம். ஆனா பிளம்க்விஸ்டை நான் இன்னும் மன்னிக்கேல்லை.

சின்னக் குறையளும் இருக்கு. வாங்கர் குடும்பத்தில பேர் கனக்க, சகோதரம், பெறாமகன், ஒண்டுவிட்ட சொந்தம், அதில மூண்டு பேர் பழைய நாசியள். முன்னால குடும்ப மரம் போட்டிருந்தாலும் நான் கொப்பி ஒண்டில எழுதி வைச்சு வாசிச்சன், நீங்களும் அப்பிடிச் செய்தா நல்லது. பிளம்க்விஸ்டைக் கண்ட பொம்பிளை எல்லாம் விரும்புறது நம்பேலாது. லிஸ்பெத் கொம்பியூட்டருக்குள்ள போறது சில இடத்தில மந்திரம் மாதிரி, கதவைத் தட்டினாத் திறக்குது. அவ வாங்க நினைச்ச அப்பிள் கொம்பியூட்டரின்ர விவரம் கடை விளம்பரம் மாதிரி அரைப் பக்கம் வரும், அதைத் தாண்டுங்கோ. கொலைக் கதை முடிஞ்ச பிறகும் நூறு பக்கமளவில ஓடுது, அலுப்பு எண்டு சனம் சொல்லுறது அதையும் தான். அதில தான் வென்னர்ஸ்ட்ரோமின்ர வெளிநாட்டுக் கொம்பனியளும் கணக்குகளும் ஒவ்வொண்டா அவிழுது, லிஸ்பெத் தலைமயிர் மாத்தி, பேர் மாத்திச் சூரிச் போறது வருது. கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் அதைத் தவற விடாதேங்கோ.

இங்கிலீஷ் கஷ்டமில்லை, ஏஎல் வரை படிச்ச ஆக்களுக்குப் போதும், பேரும் ஊரும் தான் வாயில வராது. கேள்விப்பட்ட ஒரு விஷயம், சுவீடன் பிள்ளையள் படிக்கிற பிப்பி எண்ட குறும்புக்காரப் பிள்ளை வளந்தா எப்பிடி இருப்பாள் எண்டு யோசிச்சுத் தான் லார்சன் லிஸ்பெத்தை எழுதினவராம். ரெண்டு படமும் வந்திருக்கு, சுவீடிஷில 2009, ஹொலிவூட்டில 2011. நான் ரெண்டும் பாக்கேல்லை, அந்த வக்கீல் வாற இடத்தைக் கண்ணால பாக்க எனக்கு ஏலாது. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ, இது வடிவாச் சொல்லுறன். பாலியல் வன்முறை நேரடியா எழுதியிருக்கு, அப்பிடி ஒண்டுக்குள்ளால வந்தவைக்கும் முதலே சொல்லிப் போட்டுத் தான் குடுக்கோணும்.

பத்துக்கு எட்டரை போடுவன். அந்த ஒண்டரை பிளம்க்விஸ்டுக்காகக் கழிச்சது.

புத்தகம் இப்ப சின்னம்மாவின்ர மகளிட்ட, அவ பாங்கில வேலை. முந்தநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் எடுத்து, டயரி நம்பர் என்ன எண்டு தான் கண்டுபிடிச்சிட்டன், சரியோ பிழையோ எண்டு நான் சொல்லக்கூடாது எண்டு சொல்லிப் போட்டு வைச்சிட்டா. பிழை. நான் சொல்லேல்லை.